இன்னொருவர் மூச்சு

சகாயராணிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது சாதாரண வேலைதான். நாமக்கல்லில், பரமத்தி சாலைப் பக்கம், கேஸ் டேங்கர் ஓட்டும் பூபதி என்பவரின் வீடு. அவருடைய மூச்சு மிஷின் மூன்று நாளாகக் காலையில் 'பொருந்தவில்லை' என்று எழுத்துக் காட்டுகிறது. போய்ப் பார்த்து, கோளாறை நீக்கி, மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் திங்கட்கிழமை பூபதியின் டேங்கர் கிளம்பாது.

கிளம்பாது என்றால் நிஜமாகவே கிளம்பாது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சுங்கச்சாவடியில், ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட, கேஸ் டேங்கர் ஒன்று வரிசையில் நின்ற பேருந்துகள்மேல் ஏறி வெடித்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. கேஸ், பெட்ரோல், ஆசிட் டேங்கர் முதல் சாதாரணச் சரக்கு லாரி வரை கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தூக்கப் பரிசோதனை. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிற வியாதி இருந்தால் இலவசமாக ஒரு மிஷின். மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால், தொண்டை மூடிக்கொள்ளாதபடி அது காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கும். ஓர் இரவில் ஐந்து மணி நேரமாவது மாட்டியிருந்தால் மிஷின் வண்டிக்குச் சொல்லும்; வண்டி கிளம்பும். கோளாறு என்றால் மூன்று நாள் தவணை உண்டு. அதற்குப் பிறகு சாவியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஓட்டுநர்கள் தினமும் வீட்டிலேயே தூங்க வேண்டும் என்பதற்காக நீண்ட ஓட்டங்களையெல்லாம் துண்டு துண்டாக்கியிருந்தார்கள். பூபதி விடியற்காலையில் காலி டேங்கரை எடுத்துப் போய் வாளையாறில் இன்னொருவரிடம் ஒப்படைப்பார். கொச்சியிலிருந்து கேஸ் நிரம்பி வந்த டேங்கரை வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுவார். பதினான்கு மாதமாக அவருடைய மிஷின் கணக்கில் ஒரு நாள்கூடக் குறை இல்லை.

சகாயராணி சேலத்துக்காரி. பதினொரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். மிஷின் கம்பெனியில் எல்லாரும் அவளை இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். லீக் ஆகும் மாஸ்க், குழாயில் தேங்கும் தண்ணீர், காய்ந்து போகிற வாய், காற்றை விழுங்கி விழுங்கி உப்பிப் போகிற வயிறு, இவைதான் அவளுடைய தினசரிப் புகார்கள். பத்துக்கு எட்டு வீட்டில் மாஸ்க்கின் அளவை மாற்றினாலே போதும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கதவைத் திறந்தது பூபதியின் மனைவி இந்துமதி. நாற்பத்து மூன்று, நான்கு வயது இருக்கும். குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி.

"வாங்க மேடம், உள்ள வாங்க. இப்பத்தான் சாப்புட்டு உக்காந்தாருங்க."

பூபதி முன்னறையில் நாற்காலியில் இருந்தார். கழுத்துத் தடித்த, கனத்த மனிதர். எழுந்து வணக்கம் சொன்னார். வண்டியைப் பற்றிச் சகாயராணி கேட்டதற்கு இரண்டு வாக்கியம் பதில் சொன்னார். மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. குறட்டை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சகாயராணியின் கண் தன்னையறியாமல் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. இருபத்திரண்டு விநாடி கழித்து அவர் திடுக்கிட்டு மூச்சை இழுத்து விழித்தார்.

"நேத்து சொந்தத்துல ஒரு கல்யாணமுங்க. அலைச்சல்," என்று இந்துமதி அவசரமாகச் சொன்னாள்.

மிஷினை ஒழுங்காக மாட்டித் தூங்குகிறவர்களுக்குக் கல்யாண அலைச்சல் இருக்கலாம். உட்கார்ந்த இடத்தில் மூச்சு நிற்காது. ஒருவேளை மிஷினில் அழுத்தம் குறைந்து போயிருக்கலாம். பார்த்துவிடலாம் என்று படுக்கையறைக்குப் போனாள்.

இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த மிஷினை அவள் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ஃபில்டர் புதிது. தண்ணீர்த் தொட்டியில் உப்புக்கறை இல்லை. குழாயைக் கழுவி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மிஷினுக்கென்று பூப்போட்ட துணியில் ஓர் உறைகூடத் தைத்திருந்தது. மாஸ்க்கின் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தாள். கிழிசல் இல்லை. பெட்டியை ஆன் செய்து, மாஸ்க்கின் வாயைக் கையால் மூடி, லீக் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"அண்ணா, கொஞ்சம் வந்து போட்டுக் காட்டுங்க. உங்க முகத்துல எப்படி உக்காருதுன்னு பாக்கணும்."

பூபதி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மாஸ்க்கை வாங்கி முகத்தில் வைத்தார். பின்னந்தலைப் பட்டை எட்டவில்லை. இழுத்தார். பக்கத்துக் கொக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மாட்டப் பார்த்தார், மாட்டவில்லை. இன்னொரு முறை முயன்றார். பதினான்கு மாதம் தினமும் மாட்டுகிற கை அப்படித் தடுமாறாது. இந்துமதி பொறுக்க முடியாமல் கையை நீட்டி, பார்க்காமலே அந்தக் கொக்கியை ஒரு சொடுக்கில் மாட்டிவிட்டாள்.

காற்று வந்தது. இருபது விநாடிகூட ஆகவில்லை. பூபதி மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பட்டை சுருங்கிப் போச்சாட்ட இருக்குதுங்க," என்றார்.

சகாயராணி பட்டையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கடைசிக் கோடு வரை இறுக்கியிருந்தது. உள்பக்கத்து ஒட்டுத்துணியில் நீளமாக ஒரு முடி சிக்கியிருந்தது. பிறகு நிமிர்ந்து இந்துமதியைப் பார்த்தாள். அவளுடைய மூக்குத் தண்டின் மேல் பட்டாணி அளவில் ஒரு தோல் தடிப்பு இருந்தது. மாஸ்க் போட்டுப் போட்டு வருகிற தடிப்பு. சகாயராணி அதை நூறு முகங்களில் பார்த்திருக்கிறாள். பூபதியின் மூக்கில் அது இல்லை.

"ஒரு போன் பேசிட்டு வர்றேன்," என்று வாசலுக்கு வந்தாள்.

கோயம்புத்தூர் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை முறைக்கு இருந்தவன் திவாகர். மிஷின்கள் அனுப்பும் மூச்சு வரைபடங்களைப் பார்க்கிறவன்.

"திவாகர், இந்த 'பொருந்தவில்லை'ங்கிறது மாஸ்க் முகத்துக்குப் பொருந்தலைன்னு தானே?"

"முன்னாடி அப்படித்தான் சிஸ்டர். வியாழக்கிழமை புது அப்டேட் போட்டோம்ல, அதுல கொஞ்சம் மாத்தியிருக்காங்க. இதுவரைக்கும் மிஷின் மூச்சு ஓடுதா நிக்குதான்னு மட்டும்தான் பாத்துச்சு. இப்ப யாரோட மூச்சுன்னும் பாக்குது. எவ்வளவு வேகமா இழுக்கறாங்க, எங்க திணறுது, எப்படி விடறாங்க, அது ஆளுக்கு ஆள் மாறும். கைரேகை மாதிரி. முதல் நாள் டெஸ்ட்ல எடுத்ததோட ஒப்பிட்டுப் பாக்கும்."

"அப்ப பொருந்தலைன்னா வேற ஆள்னு அர்த்தமா?"

திவாகர் சிரித்தான். "தியரிப்படி அப்படித்தான். ஆனா இவர் விஷயத்துல அதுக்கு வாய்ப்பே இல்ல. லீக்காத்தான் இருக்கும்."

"எப்படிச் சொல்ற?"

"வேற ஆள் போட்டிருந்தா பழைய சாஃப்ட்வேரே ஒரு வாரத்துல காட்டிக் கொடுத்திருக்கும். நல்லா தூங்கற ஆள் மாட்டிக்கிட்டா மிஷினுக்கு வேலையே இருக்காது. கோடு தட்டையா போகும். இவர் கோட்டைப் பாருங்க. காத்து மெதுவா தொடங்குற முதல் அரைமணி நேரத்துலயே மூச்சு எத்தனை தடவை நிக்குது! மணிக்கு நாப்பது கணக்குல வருது. டெஸ்ட்ல இருபத்தாறுதான் இருந்துச்சு. அசல் நோயாளி சிஸ்டர். இதை நடிக்க முடியாது."

சகாயராணி போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்டது. அவள் உள்ளே போனதும் பேச்சு நின்றது.

"எத்தனை நாளா நீங்க போடறீங்க, இந்துமதி?"

பூபதிதான் முதலில் பேசினார். "அவ மேல தப்பில்லீங்க. நாந்தான் போடச் சொன்னேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலீங்க," என்றாள் இந்துமதி. "நானாத்தான் போட்டேன். மொதல் நாலு நாள் இவரு போட்டாரு. போட்ட ஒடனே மூச்சு முட்டுது, சாகப் போறேன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. அஞ்சாம் நாள் மிஷின் கம்பெனியில இருந்து நோட்டீசு வந்துருச்சு. இன்னும் மூணு நாள் பாப்போம், இல்லாட்டி லைசென்சு போயிரும்னு. நான் எடுத்து மாட்டிக்கிட்டேன். காலையில பாத்தா பச்சை விளக்கு எரியுது. இவரு வண்டி கெளம்பிருச்சு."

"மூச்சு முட்டுதுன்னு கம்பெனிக்குச் சொல்லலியா?"

"சொன்னனுங்க," என்றார் பூபதி. "போகப் போகப் பழகிரும்னாங்க. அப்பறம் பச்சையா எரிய ஆரம்பிச்சதும் ஒருத்தரும் கூப்பிடலீங்க. நல்லா ஓடுற மிஷினை யாரு வந்து பாப்பாங்க?"

சகாயராணி பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். அவரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி மூக்கைப் பார்த்தாள். ஒவ்வொரு துவாரமாக மூடி மூச்சு விடச் சொன்னாள். இடது பக்கம் காற்றே வரவில்லை. உள்ளே தண்டு முழுக்க ஒரு பக்கமாக வளைந்து அடைத்திருந்தது.

"எப்ப அடிபட்டது?"

"அது பதினஞ்சு வருசம் இருக்குமுங்க. டயர் மாத்தறப்ப ஜாக்கி ராடு எகிறி அடிச்சிருச்சு."

ஒரே ஒரு துவாரத்தில் மூச்சு விடுகிற மனிதருக்கு மூக்கில் மட்டும் மாட்டுகிற மாஸ்க்கைக் கொடுத்து, அதில் காற்றின் அழுத்தத்தையும் பதினான்கு என்று உயரத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பார்த்ததெல்லாம் கோடுகளை. அந்தக் கோடுகளும் வேறொருவருடையவை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வண்டியில எப்படிச் சமாளிக்கறீங்க?"

"மூணு எடத்துல நிறுத்தி மூஞ்சி கழுவிக்குவேன். பச்சை மொளகாயை வாயில போட்டுக்குவேன்."

"அதையும் மீறி வந்ததில்லையா?"

பூபதி மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"போன மாசம் ஒரு தடவைங்க. பெருந்துறை தாண்டி. ரோட்டோரக் கோட்டுல டயரு ஏறி வண்டி கடகடன்னு ஆடுச்சு, முழிச்சேன். முன்னாடி ஒரு காலேஜ் பஸ்ஸு நின்னுட்டு இருந்துச்சு. ஒரு பத்தடி இருக்குமுங்க."

"நிறை வண்டியா?"

"நிறை வண்டிதானுங்க."

இந்துமதி அவர் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டச் சொல்லவேயில்லியே," என்றாள். "மூஞ்சி கழுவுனா சரியாப் போகுதுன்னுதான சொன்னீங்க. நான் பச்சை விளக்கைப் பாத்துக்கிட்டு நிம்மதியா வேலைக்குப் போயிட்டு இருந்தேன்."

வெளியே ஓர் இட்லி மாவு வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

"மேடம், லீக்குன்னு எழுதிருங்க," என்றார் பூபதி. "மூக்கை நான் நாளைக்கே போய்க் காட்டறேன். ஒரு மாசத்துல எல்லாம் சரி பண்ணிக்கறேன். லைசென்சு போச்சுன்னா இந்த வயசுல எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாதுங்க."

சகாயராணி டார்ச்சைப் பையில் வைத்தாள்.

"அந்தச் சுங்கச்சாவடி விபத்து நடந்தப்ப நான் தீக்காய வார்டுல இருந்தேண்ணா. முப்பத்தோரு பேரைக் கொண்டு வந்தாங்க. எங்கிட்ட இருந்தது எட்டுப் படுக்கை. அதுல ஒருத்தர் அந்த டிரைவர். மூணு நாள் இருந்தார். கெட்டவர் இல்ல. உங்களை மாதிரிதான், அன்னைக்கு ரெண்டு தடவை நிறுத்தி மூஞ்சி கழுவினேன்னு சொல்லிட்டே இருந்தார்." அவள் குரல் மாறவில்லை. "லீக்னு எழுத மாட்டேன். நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது. மூக்கை முதல் நாளே பாக்காம விட்டது கம்பெனி தப்புன்னு அதையும் சேத்து எழுதறேன். மூணு மாசம் நிறுத்தி வைப்பாங்க. லைசென்சை முழுசா எடுக்க விடாம என்னால ஆனதைச் செய்யறேன்."

பூபதி தலையை ஆட்டினார். வாதாடவில்லை. அவருக்கே அது பாரம் இறங்கினாற்போல் இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் ஐந்தே நிமிடத்தில் மறுபடி தூங்கிப்போனார்.

விதிப்படி, விசாரணையில் இருக்கும் மிஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். சகாயராணி அதைச் சொன்னதும் இந்துமதி படுக்கையறைக்குப் போனாள். சற்று நேரம் கழித்து மிஷினைப் பூப்போட்ட உறையோடு கொண்டுவந்தாள். குழாயைச் சுருட்டி, மாஸ்க்கை ஒரு சுத்தமான துண்டில் சுற்றியிருந்தாள். வாசல் கேட் வரை கூடவே வந்தாள்.

"இந்துமதி, இதைப் போடறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காலையில தலைவலி இருந்துச்சா?"

இந்துமதி நின்றாள். அந்தக் கேள்வியை எதிர்பார்த்தவள் போலவும், யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் போலவும் இருந்தது அவள் முகம்.

"பத்து வருசமா இருந்துச்சுங்க. எந்திரிக்கறப்பவே மண்டையைப் பொளக்கும். கோழிப்பண்ணையில முட்டை தரம் பிரிக்கற வேலைங்க எனக்கு. மத்தியானமானாக் கண்ணு சொருகும், முட்டையை அட்டையோட கீழ போட்ருவேன். ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு, போய்க் கூட்டிப் பெருக்குன்னு மாத்திட்டாங்க. வேலை செய்யற பொம்பளைன்னா களைப்பு இருக்கத்தான் செய்யும்னு நெனச்சுக்கிட்டேன். இதைப் போட்ட மூணாம் நாளு எந்திரிச்சேனுங்க, தலை லேசா இருக்குது. ஏதோ ஒண்ணு கொறையுதேன்னு யோசிச்சேன். வலி இல்ல. அன்னைக்குத்தான் நானு..." அவள் முடிக்கவில்லை. "இப்ப மறுபடியும் பிரிக்கற வேலையிலதானுங்க இருக்கேன். மேஸ்திரி ஆக்கிருக்கறாங்க."

"உங்களுக்கும் அதே வியாதி. உங்க வீட்டுக்காரரை விட ஜாஸ்தி. அதனாலதான் மிஷின் இத்தனை நாளா நம்பிச்சு."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடுப்பீங்களா?"

சகாயராணிக்குப் பதில் தெரியும். இந்தத் திட்டம் ஓட்டுநர்களுக்கு மட்டும். மற்றவர்கள் பெரியாஸ்பத்திரியில் பெயர் கொடுத்துப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு இப்போது பதினொரு மாதம் ஆகிறது. மிஷினுக்கு அதன் பிறகு தனி வரிசை. சொன்னாள்.

இந்துமதி கையிலிருந்த பெட்டியைச் சகாயராணியின் ஸ்கூட்டர் முன்பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கும் தெரியுமுங்க," என்றாள். "யாராவது வந்து இவரு மூச்சைச் சரி பண்ணிட்டா, மாஸ்க்கு இவருக்குப் போயிருமேன்னு நெனச்சிருக்கேன். அதனாலயும் சொல்லாம இருந்துட்டேன். ஒரு காலேஜ் பஸ்ஸுப் புள்ளைங்க..." அவள் திரும்பி வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

சகாயராணி அன்று மாலை நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. பூபதிக்குத் தொண்ணூறு நாள் நிறுத்தம், லைசென்சு தப்பியது. மூக்கு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. சகாயராணிக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. புதிய அப்டேட் பிடித்துக்கொடுத்த முதல் ஆள்மாறாட்டம் என்று அவள் பெயரைப் போட்டு எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். அவள் அதை மேசை இழுப்பறையில் போட்டாள்.

இந்துமதிக்காக அவள் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: தகுதி இல்லை. நான்காவதாகத் திவாகரிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"மணிக்கு நாப்பது தடவை மூச்சு நிக்கற பொம்பளை திவாகர். பதினாலு மாசக் கணக்கு நம்மகிட்டயே இருக்கு. டெஸ்ட்கூடத் தேவையில்ல."

"அந்தக் கணக்கு அவங்க புருஷன் பேர்ல இருக்கு சிஸ்டர். அதோட, அவங்க எதையும் ஓட்டலையே. திட்டம் நோயாளிக்காக வந்தது இல்ல, ரோட்டுல போறவங்களுக்காக வந்தது. அவங்க தூங்கி விழுந்தா உடையறது முட்டைதான்." சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. "எனக்குத் தெரியுது. ஆனா என்ன பண்ணச் சொல்றீங்க?"

செய்தது சரி என்பதில் சகாயராணிக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனாலும் வேறு வீடுகளில் மிஷினைக் கழற்றித் துடைக்கும்போதெல்லாம் துண்டில் சுற்றிய அந்த மாஸ்க் நினைவுக்கு வந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு வாரத்தில் பூபதிக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கைப் பொருத்தப் போனாள். காற்றைக் குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும்படி வைத்தாள். பகலில் கால்மணி நேரம், அரைமணி நேரம் என்று உட்கார்ந்தபடி பழகச் சொன்னாள். மூன்றாம் வாரம் அவரே போன் செய்தார்.

"ஏழு மணி நேரம் தூங்கிருக்கறனுங்க. கனவெல்லாம் வந்துச்சு. கனவு வந்து எத்தனை வருசம் ஆச்சுன்னே தெரியலீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவதானுங்க ரொம்ப மோசமா இருக்கறா. மறுபடியும் தலைவலி. பஸ்ஸுல தூங்கிட்டு, எறங்கற எடத்தை விட்டு மோகனூரு வரைக்கும் போயிட்டு வர்றா. பண்ணையில பழையபடி கூட்டற வேலைக்கே போட்டுட்டாங்க. முன்னாடியெல்லாம் நாந்தான் மொதல்ல தூங்கிருவேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்பத்தான் கேக்குது. மூச்சு நின்னா நான் எந்திரிச்சு உலுக்கி விடறேன். அதுல என்ற மாஸ்க்கு களண்டு போயி மணிக்கணக்கு கொறையுதுங்க."

இந்துமதி பெயர் கொடுத்திருந்த பெரியாஸ்பத்திரி வரிசையில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது.

அதற்கு அப்புறம் இரண்டு மாதம் அவர்களிடமிருந்து பேச்சே இல்லை. பூபதி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பதை மட்டும் கணக்கில் பார்த்தாள். ஒரு புதன்கிழமை காலை அவளுடைய வேலைப் பட்டியலில் ஒரு புதுப் பொருத்தல் வந்தது. கனரக வாகனப் பழகுநர் உரிமம். பெண், வயது நாற்பத்து நான்கு. பரிசோதனை முடிவு: மணிக்கு நாற்பத்து மூன்று. பெயர் இந்துமதி.

சகாயராணி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். விதியில் அது முன்பே இருந்ததுதான். ஓட்டுநர் தட்டுப்பாடு வந்த பிறகு கனரக உரிமத்துக்கு யார் வேண்டுமானாலும் நேராக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த ஏழு நாளில் பரிசோதனை, முடிவைப் பொறுத்து உடனே மிஷின். அதை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் தோன்றவில்லை.

போனபோது இந்துமதி இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்த யோசனை இது?"

"நானேதானுங்க. அன்னைக்கு நீங்க வாசல் கேட்டுகிட்ட நின்னு சொன்னீங்கல்ல, டிரைவருக்கு மட்டுந்தான்னு. படிச்சுப் பாத்தேன். பொம்பளைக்கு இல்லைன்னு எங்கயும் போடலீங்க."

"ஒரு வருஷத்துக்குள்ள லைசென்சு வாங்கி ஓட்டலைன்னா மிஷினைத் திருப்பி வாங்கிடுவாங்க. அது தெரியுமா?"

"தெரியுமுங்க. அப்ப ஓட்டித்தான் ஆகோணும்." அவள் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இவரு சந்தை மைதானத்துல பழைய லாரி ஒண்ணு வாடகைக்கு எடுத்துச் சொல்லித் தர்றாரு. ஸ்டியரிங்கு எட்டலைன்னு தலகாணி வெச்சு உக்காந்துக்கறேன். மொத நாளு கண்ணு மண்ணு தெரியல. இப்பப் பின்னாடி எடுக்கறது வரைக்கும் வந்துருச்சு. டேங்கரு வேண்டாம்னு சொல்லிட்டேன். பண்ணையில முட்டை வண்டிக்கு ஆளில்லாம நிக்குது. மொதலாளி பாக்கலாம்னாரு."

"தூக்கக் கலக்கத்தோட லாரி பழகறீங்களே?"

"மைதானத்துல என்னையும் இவரையும் தவிர வேற யாரும் இல்லீங்க. மிஷினு வர்ற வரைக்கும் ரோட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு இவரு சொல்லிட்டாரு."

சகாயராணி அவளை உட்கார வைத்து முகத்தை அளந்தாள். மூக்கைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது. சின்ன மாஸ்க்கை மாட்டினாள். பட்டையை ஒரு கோடு தளர்த்தி, மூக்குத் தண்டில் அழுத்தாதபடி சரிசெய்தாள். மிஷினில் இந்துமதியின் பெயரைப் பதிந்து, முதல் மூச்சைப் பதிவு செய்வதற்காக ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொன்னாள். ஐந்து நிமிடம் முடிவதற்குள் இந்துமதி தூங்கிவிட்டாள். சகாயராணி எழுப்பவில்லை. அறிக்கையை மெதுவாக எழுதினாள். மிஷின் திரையில் மூச்சின் கோடு முதலில் இரண்டு முறை அறுந்து, காற்று ஏற ஏற நேராகி, பிறகு அலை அலையாக ஓடியது.

அரைமணி கழித்து இந்துமதி விழித்து, மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கப்பட்டாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள் சகாயராணி, பையை மூடியபடி.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. விண்ணப்பப் படிவம் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"உங்களோடது ஆயிடுச்சே. எதுக்கு?"

"எனக்கில்லீங்க. பண்ணையில என்ற கூட வேலை செய்யற பொம்பளைங்களுக்கு. மத்தியானமானா அட்டை மேலயே தூங்கி விழுவாங்க. காலையில மண்டை பொளக்குதும்பாங்க. பீரோக்கதவைத் தெறக்கற மாதிரி கொறட்டை விடறாங்கன்னு அவங்கவங்க ஊட்டுக்காரரு சண்டை புடிப்பாரு. ஆறு பேரு இருக்கறாங்க. இவரு எல்லாருக்கும் ஓட்டச் சொல்லித் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆறு படிவம் வேணுமுங்க."

சகாயராணி அவளைப் பார்த்தாள். பிறகு மூடிய பையை மறுபடி திறந்து, அடியிலிருந்த காகிதங்களை எடுத்து எண்ணினாள். நான்குதான் இருந்தன. மீதி இரண்டையும் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள்.